மூக்குசாமி கட்டிய மாடி அறை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் போய் ராமபத்ரன் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் கையை விரிப்பார்கள். மூக்குசாமி வீடு என்று கேட்டால் சுமை தூக்குகிறவர்கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வழி காட்டுவார். மிளகும் சுக்கும் ஏலமும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் சரக்கின் தரம் பார்ப்பது ராமபத்ரனின் வேலை. மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. கூரான குழாயைச் சாக்கில் செருகி, உள்ளங்கையில் விழுந்ததை ஒரே ஒரு தடவை முகர்வார். “வயநாட்டுச் சுக்கு. நடுவுல ஒருதரம் நனைஞ்சிருக்கு” என்பார். லாரி ஓட்டி வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, மலை இறங்கும்போது தார்ப்பாய் கிழிந்ததை ஒப்புக்கொள்வார்.

அந்த மூக்குக்கு அலுவலக நேரம் என்று எதுவும் இருந்ததில்லை. கல்யாண வீடுகளில் பாயசம் அடிப்பிடித்துவிட்டதா என்று பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். நெய்க்கடைக்காரர் அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தால் ஒரு டின்னை மட்டும் உள்ளே தள்ளி வைப்பார்.

ஊரடங்குக் காலத்தில் ஊரில் எல்லாருக்கும் வந்த காய்ச்சல் ராமபத்ரனுக்கும் வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிற்று. எர்ணாகுளத்தில் பார்த்த டாக்டர், சிலருக்கு வாசனை திரும்பி வர நாளாகும், பொறுமையாக இருங்கள் என்றார். ராமபத்ரன் பொறுமையாகத்தான் இருந்தார். வாசனை வரவில்லை. முதுகுவலி என்று சொல்லி வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். மனைவி கமலாக்ஷியிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் அதை மறைப்பது அவர் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது. காப்பியை நிறம் பார்த்துப் பாராட்டுவார். சமையலறையில் கமலாக்ஷி எதை எவ்வளவு போடுகிறாள் என்று செய்தித்தாளின் ஓரத்து வழியாகக் கவனித்து வைத்துக்கொண்டு, சாப்பிடும்போது, “பெருங்காயம் ஒரு பொடி கூடிப்போச்சு” என்பார். காஸ் வாசனை வருகிறதா பாருங்கள் என்று அவள் கேட்டால், சிலிண்டர் பக்கம் முகர்வதுபோலக் குனிந்து, உஸ் என்று சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுப்பார்.

இப்படி நான்கு வருஷம் ஓடியது. அதற்கப்புறம் வீட்டை எடுத்துக் கட்ட வேண்டிவந்தது.

அவருடைய அப்பா கட்டிய வீடு அது. சின்ன ஓட்டு வீடு. முன்பக்கம் இரண்டு ஆள் தோளுரசிப் போகிற சந்து, பின்பக்கம் காயல். பழைய பகுதி முழுக்க மரத்தால் ஆனது. சமையலறை மட்டும் ராமபத்ரன் பிற்பாடு சேர்த்தது. நவீனமாக இருக்கட்டும் என்று கான்கிரீட்டில் போட்டிருந்தார். உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு ஊதி, காரை வெடித்து, ஒருநாள் காலை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து கமலாக்ஷி அரைத்து வைத்திருந்த தோசை மாவில் விழுந்தது.

கமலாக்ஷியின் தம்பி மகன் ஹரிஷங்கர் எஞ்சினியர். களமசேரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இரும்பு உத்தரம் கொடுத்து மேலே தகடு போட்டுவிடலாம், மளமளவென்று முடியும் என்றான்.

கமலாக்ஷி கரண்டியால் மேலே காட்டினாள். “இங்கே இருக்கற இரும்பு என்ன கதிக்கு ஆச்சுன்னு பாத்தியோ? அந்தப் பக்கம் மாமனார் வெச்ச மரம் பாரு. அப்படியே இருக்கு. எனக்கு மரம் மதி, அதுவே போதும்.”

அதன்படியே திட்டம் போட்டார்கள். சமையலறைத் தளத்தை இடித்துவிட்டு மரத்தால் மச்சு கட்டுவது. அதன்மேல் ஓட்டுக்கூரையோடு ஓர் அறை, காயலைப் பார்த்து ஒரு சின்ன மரத் தாழ்வாரம். பெங்களூரில் இருக்கும் மகள் அஞ்சனா குடும்பத்தோடு வந்தால் தங்க இடமில்லாமல் ஹாலில் வரிசையாகப் படுக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையும் தீரும். வேலை முடியும்வரை கமலாக்ஷி அஞ்சனாவிடம் போய் இருப்பது என்று முடிவாயிற்று. கிளம்பும்போது கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “மரம் வாங்கும்போது நன்னா மோந்து பாத்து வாங்குங்கோ. செதல், பூஞ்சை ஒண்ணும் இருக்கப்படாது. உங்க மூக்கை நம்பித்தான் போறேன்.”

ராமபத்ரன் தலையாட்டினார்.

பள்ளுருத்தி போகும் வழியில் அப்ஸலின் பழைய மரக்கடை இருந்தது. இடிக்கிற கட்டடங்களை மொத்தமாக எடுத்து, கதவு, ஜன்னல், உத்தரம் என்று பிரித்து விற்பது அவன் தொழில். பல தலைமுறையாகக் கொச்சியில் இருந்தாலும் வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். மூக்குசாமியே தன் கடைக்கு வந்ததில் அவனுக்குப் பெருமை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான், சாயாவுக்குச் சொன்னான், பின்பக்கம் அடுக்கியிருந்த உத்தரங்களைக் காட்டினான். கப்பல்துறைப் பக்கத்துப் பழைய கிடங்கு ஒன்றிலிருந்து பிரித்தவை. இரண்டு கோடை வெயிலில் கிடந்து வெளுத்திருந்தன.

“நல்ல ஆஞ்சிலி சாமி. வள்ளம் கட்டற மரமாச்சே, உப்புத்தண்ணியே ஒண்ணும் செய்யாது, உப்புக்காத்து என்ன செய்யும்? பட்சே ஒரு காரியம் சொல்லிடணும்—”

ராமபத்ரன் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். கடையில் இருந்த ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். இனி பின்வாங்க முடியாது. உத்தரத்தின் மேல் குனிந்து, கண்களை மூடி, நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்தார். கண்ணை மூடுவதற்கு முன்பே விரிசலில் இரண்டு மிளகு மணிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

“குருமொளகு” என்றார்.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்ஸலும் அசந்துதான் போனான். “வாஸ்தவம் சாமி, கடைசி கொஞ்ச வருஷம் மொளகுதான் வெச்சிருந்தாங்க. பட்சே அதுக்கு முன்னால—”

“அதுக்கு முன்னால சுக்கு.”

“சுக்கு இல்ல சாமி, அது வந்து—”

“அப்ஸல், நான் பாக்காத கெடங்கா? நீ மரத்தோட அளவை மட்டும் சொல்லு.”

அன்று இரவு அப்ஸல் மனசு கேட்காமல் போன் செய்தான். மரத்தைப் பற்றி ஒரு விஷயம் என்று ஆரம்பித்தான். “மணத்தைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்கறயாக்கும்” என்று சொல்லி ராமபத்ரன் வைத்துவிட்டார். மூக்குசாமிக்கே தெரியவில்லை என்றால், வெயிலில் கிடந்ததில் எல்லாம் போயிருக்க வேண்டும் என்று அப்ஸலும் சமாதானமானான். அவனே தினமும் அந்த மரங்களுக்கு நடுவில் உட்காருகிறவன். அவனுக்கும் இப்போதெல்லாம் ஒன்றும் தெரிவதில்லை.

சந்தில் திரும்பாது என்பதால் உத்தரங்கள் காயல் வழியாக வள்ளத்தில் வந்து வீட்டின் பின்பக்கம் இறங்கின. தச்சு வேலைக்கு வந்தவர் இசக்கிதுரை. நாகர்கோவில்காரர், பள்ளுருத்தியில் குடியிருக்கிறார். இந்த உலகத்தில் தனக்கு முன்னால் வேலை செய்த எந்தத் தச்சனுக்கும் வேலை தெரியாது என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். “இந்தத் தொளையை எவன் போட்டாம்னு தெரியல சாமி. தேங்கா துருவுறதுக்குப் போட்ட மாதிரி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு உத்தரத்தையும் இழைத்தார். வேலை நடுநடுவே மூக்குப்பொடி போடுவார். அதனால் அவர் மூக்குக்குள்ளும் வேறெதுவும் நுழைய வழியில்லை.

வேலை என்னவோ சுத்தமான வேலை. இரும்பு ஆணியே வேண்டாம் என்று கமலாக்ஷி போனில் கறாராகச் சொல்லியிருந்ததால், மரத்திலேயே நாக்கும் துளையும் செதுக்கிப் பொருத்தி, மர முளை அடித்து இறுக்கினார். தவிர்க்க முடியாத இடத்தில் செம்பு ஆணி. மே மாசக் கடைசியில், காயல் பக்கம் திறந்த ஜன்னலோடு, பழுப்பும் மஞ்சளுமாக மரம் பளபளக்க, மாடி அறை எழுந்து நின்றது. ராமபத்ரன் அதைப் படம் எடுத்து அனுப்ப, கமலாக்ஷி முதல் தடவையாக அவர் ஒரு காரியத்தை ஒழுங்காக முடித்துவிட்டார் என்று மகளிடம் சொல்லி, வண்டி ஏறினாள்.

புது அறையைச் சுத்தி செய்யும் புண்யாஹவாசனம் வைத்திருந்த அன்று விடியற்காலையில் பருவத்தின் முதல் மழை பெய்தது. சின்ன ஹோமம். லக்ஷ்மிநாராயணன் வாத்தியார் மாடி அறையின் நடுவில் உட்கார்ந்து அக்னி மூட்டினார். சுற்றிலும் நெருங்கிய சொந்தம், அக்கம்பக்கம். புகை அடங்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. அடங்கியதும் வாத்தியாரின் மூக்கு ஒருமுறை சுருங்கியது. நெய்க்கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். நெய்யில் குறையில்லை. சமித்துகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். எதிரே இருந்த ஒரு மாமி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டாள். ஹரிஷங்கர் தன் சாக்ஸைச் சந்தேகப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ஒவ்வொருவரும் ஜாடையாக ராமபத்ரனைப் பார்த்தார்கள். அவர் நெற்றி நிறைய விபூதியோடு, ஆழ்ந்து மூச்சு விட்டுக்கொண்டு, பரம சாந்தமாக உட்கார்ந்திருந்தார். ஊருக்கே மூக்கு அவர். அவருக்குத் தெரியாத நாற்றம் நமக்கு எப்படித் தெரியும் என்று ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டார்கள். வாத்தியார் மட்டும் மந்திரத்தை வழக்கத்தைவிட வேகமாகச் சொல்லி முடித்தார். வேறொரு வீட்டில் ஒரு ஆயுஷ்ஹோமம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினார். அப்படி எந்த வீட்டிலும் ஒன்றும் இல்லை.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. மரம் ஈரத்தைக் குடித்தது, குடித்ததைவிட அதிகமாக வெளியே விட்டது. கமலாக்ஷி முதலில் சாக்கடையைச் சந்தேகப்பட்டு ஆள் விட்டு அலம்பினாள். பிறகு செத்த எலி. அலமாரியெல்லாம் நகர்த்தித் தேடியும் எலி கிடைக்கவில்லை. அதற்குள் பூனைகள் வர ஆரம்பித்தன. சந்தில் இருக்கும் பூனைகள், பஜார் பூனைகள், படகுத்துறைப் பூனைகள் என்று எல்லாம் மழையைப் பொருட்படுத்தாமல் ஓட்டின்மேல் வந்து உட்கார்ந்து, உள்ளே பார்த்து, ஏதோ கச்சேரி தொடங்கப் போகிறது என்பதுபோலக் காத்திருந்தன.

“ஏன்னா, உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?” என்று கமலாக்ஷி கேட்டாள்.

“என்ன தெரியணும்?”

“ஒரு மாதிரி நாத்தம்.”

ராமபத்ரன் நாலு பக்கமும் முகர்ந்தார். “மழை பெஞ்சா காயல்லேந்து ஒரு மணம் வரும். அதாக்கும்.”

தன் மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று அவள் முடிவுக்கு வந்தாள். ஆவி பிடித்தாள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். மூக்கு தெளிவானதும் நாற்றம் இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. இப்போது அதற்கு ஒரு பெயர்கூட இருந்தது. மீன் சந்தைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு கடக்கிற அதே வாசனை. பக்கத்து வீட்டு ஜுமைலாவிடம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இருபது வருஷப் பழக்கம். எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்து, மதில் ஓரம் துணி உலர்த்த வந்தவளைப் பிடித்தாள்.

“ஜுமைலா, தப்பா எடுத்துக்காதே. இப்போ தெனமும் உங்காத்துல எறா வறுக்கறேளா?”

ஜுமைலா கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள். கணவன் முஹம்மதை அவள் இக்கா என்றுதான் சொல்வாள். “இல்ல மாமி. இக்காவுக்கு கொழுப்பு கூடிப்போச்சுன்னு டாக்டர் விலக்கிட்டார். நாங்க எறா தொட்டே மாசம் ஆச்சு.” பிறகு குரலைத் தணித்தாள். “நான் நெனச்சேன்…”

“எந்தா நெனச்சே?”

“இல்ல… சாமிக்கு ஒடம்புக்குச் சத்து வேணும்னு ஆரோ சொல்லி, நீங்க மாடியில வெச்சு ரகசியமா ஆக்கிக் கொடுக்கறீங்கன்னு. அதுக்குத்தான் தனியா மேல ரூம் எடுத்தீங்கன்னு. நாங்க ஆருகிட்டயும் மூச்சு விடலை மாமி. அது அவங்க காரியம், கேட்டு அவங்களை வெஷமப்படுத்தாதேன்னு இக்கா அப்பவே சொல்லிட்டார்.”

கமலாக்ஷி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் கழித்து எழுந்து, “நீ என்கூட வா. உனக்குத்தான் தெரியும். வந்து மோந்து பாத்து சொல்லு” என்றாள்.

ஜுமைலா மாடி ஏறினாள். அறையை ஒரு சுற்று சுற்றி, நாற்காலியில் ஏறி உத்தரத்தில் மூக்கை வைத்தாள். அவள் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. “நல்ல முதல்தரம் எறா மாமி. வெயில்ல உணக்கினது. இப்படி இப்ப கடையில கெடைக்காது.” இறங்கி வந்து அடுத்த உத்தரத்தையும் பார்த்தாள். “எல்லாத்துலயும் இருக்கு. மரத்துக்குள்ளயே ஊறியிருக்கு.”

அப்படியென்றால் இந்த மரத்தை முகர்ந்து பார்த்து வாங்கிய மூக்கு என்ன செய்துகொண்டிருந்தது? கமலாக்ஷி கீழே இறங்கி வந்தாள். ராமபத்ரன் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அஞ்சறைப் பெட்டி திறந்து மூடுகிற சத்தம் அவர் காதில் விழுந்தது.

“கண்ணை மூடிக்கோங்கோ.”

“எதுக்கு?”

“மூடிக்கோங்கோ. இது என்னன்னு மோந்து சொல்லுங்கோ.”

மூக்குக்குக் கீழே ஏதோ வந்து நின்றது. ராமபத்ரன் தன் வாழ்நாள் அனுபவம் முழுவதையும் கூட்டிக்கொண்டார். திறந்தது அஞ்சறைப் பெட்டி. கையில் எடுத்தது சின்னப் பொருள். நாளைக்குப் பௌர்ணமி, பாயசம் வைப்பாள்.

“ஏலக்கா” என்றார். அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம். “கொஞ்சம் பழசு.”

கண்ணைத் திறந்தார். கமலாக்ஷியின் விரல்களுக்கு நடுவில் ஒரு பெருங்காயக் கட்டி இருந்தது. சந்து முனையில் நிற்பவருக்குக்கூடத் தெரிகிற பெருங்காயம்.

கமலாக்ஷி கட்டியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

“எப்போலேந்து?”

“அந்த ஜுரத்துக்கு அப்பறம்.”

“அப்போ நாலு வருஷமா என் காப்பி நன்னாருக்கு நன்னாருக்குன்னு சொன்னது?”

“கலர் பாத்து சொன்னேன்.”

“ரசத்துல பெருங்காயம் ஜாஸ்தின்னு என்னைக் கொறை சொன்னேளே?”

“நீ போடறதைப் பாத்துண்டிருந்தேன்.”

“காஸ்?”

ராமபத்ரன் தலையைக் குனிந்துகொண்டார். “காதால கேப்பேன்.”

“காதால” என்றாள் கமலாக்ஷி. எதிர்த்த சுவரைப் பார்த்துக்கொண்டு மறுபடி ஒருமுறை, “காதால” என்றாள். இறால் நாற்றத்தைவிட இதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். “என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“மூக்கில்லாத மூக்குசாமின்னு பஜார்ல சிரிப்பா. அதை மறைக்கணும்னா உன்கிட்டேந்தும் மறைச்சாத்தான் முடியும்னு தோணித்து. நீ பொய் பறைஞ்சா மொகத்துலயே தெரிஞ்சுடும்.”

அது உண்மைதான் என்பதால் அவளுக்குக் கோபம் கூடியது. அன்று ராத்திரி அவருக்கு உப்பே போடாத உப்புமா வைத்தாள். உப்பு அவர் நாக்குக்குத் தெரியும். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் இருவரும் ஆட்டோ பிடித்து அப்ஸல் கடைக்குப் போனார்கள். என்ன கிடங்கு அது என்று கமலாக்ஷி கேட்டாள். அப்ஸல் முதலில் ராமபத்ரனைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

“எறா கெடங்கு மாமி. வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ண உணக்க எறா. எங்க அத்தா சின்ன வயசுல இருக்கும்போதே அதுல எறாதான். நான் மூணு தடவை சொல்ல வந்தேன். சாமி சுக்குன்னு சொல்லிட்டார். சாமி சொன்ன பெறகு நான் எப்படி மறுத்துப் பேசறது?”

“அவருக்கு மூக்கு இல்லைப்பா” என்றாள் கமலாக்ஷி. “போயிடுத்து.”

அப்ஸல் பதறிப்போய் மரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், வேறு தருகிறேன் என்றான். ஆனால் இசக்கிதுரையைக் கேட்டபோது அவர் மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார். கூரையை இறக்கி, முட்டுக்கொடுத்து, முளையெல்லாம் தட்டி எடுக்க வேண்டும். கொட்டுகிற மழையில் அது நடக்காது. “நாம போட்ட இணைப்பு அப்படி சாமி. அவ்வளவு லேசுல கழறாது, பாத்துக்கிடுங்க” என்று சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தைவிடத் திருப்திதான் தெரிந்தது.

பதிலாக அவர் வைத்தியங்கள் சொன்னார். புளித்தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். நாற்றம் இறால் குழம்பாயிற்று. மஞ்சள் பூசினார்கள். மரம் மஞ்சளானது, நாற்றம் மாறவில்லை. சூடம் கொளுத்தினார்கள்; ஏதோ துறைமுகத்துக் கோயில் கருவறைக்குள் நிற்பதுபோல இருந்தது. ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் ஜுமைலாவை வரவழைத்து முகரச் சொன்னார்கள். அவள் தன் கருத்தை ஒளிக்காமல் சொன்னாள். “இப்பதான் மாமி பசிக்குது.”

ஒருநாள் கமலாக்ஷி மாடி அறையில் தனியாக நின்று உத்தரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு மாச மழைக்கும் ஒரு பொட்டு ஒழுகவில்லை. ஒரு பலகை வளையவில்லை. “மரம் என்ன பண்ணித்து பாவம். நன்னாத்தான் நிக்கறது” என்று கணவரிடம் சொன்னாள். அதோடு மரத்தை மாற்றுகிற பேச்சு முடிந்தது.

அப்ஸல்தான் கடைசியில் வழி சொன்னான். பழைய அலமாரிகளுக்கு அவன் பூசுகிற அரக்கு பாலிஷ். மரத்தின் துவாரங்களை மூடிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கும். ஆகஸ்டில் வெயில் கிடைத்த நாட்களில் இசக்கிதுரை தோல் உரிக்கிற மாதிரி எல்லாவற்றையும் மெல்லிசாக இழைத்தார். அரக்கைக் கரைத்துப் பஞ்சால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். ராமபத்ரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்று தானும் தேய்த்தார். அந்த நெடி தாங்காமல் மற்றவர்கள் அடிக்கடி கீழே ஓடியபோது அவர் ஒருவர்தான் காலையிலிருந்து மாலைவரை மேலேயே நின்று வேலை செய்தார். வாத்தியாரை மறுபடி வரவழைத்துப் புண்யாஹம் செய்தார்கள். இந்தத் தடவை அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். பூனைகள் சில நாள் வந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு படகுத்துறைக்குத் திரும்பின.

இதெல்லாம் ஆன பிறகு ராமபத்ரனுக்கு ஒரு தைரியம் வந்திருந்தது. பஜாரில் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். சாயாக்கடையில் அவருக்குத் தெரிந்த ஒச்சப்பன் இருந்தார். போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி, சரக்கு விற்க வந்தவர். பார்த்ததும் எழுந்து, மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். “சாமி, நீங்க ஒருவாட்டி பாத்துட்டா எனக்கு மனசு ஆறும்.”

ராமபத்ரன் பொட்டலத்தைத் தொடவில்லை. “எனக்கு மணம் ஒண்ணும் தெரியலை ஒச்சப்பா. எல்லாம் போயிடுத்து.”

ஒச்சப்பனின் முகம் வெளிறிற்று. கடையில் இருந்தவர்கள் சாயாவைக் கீழே வைத்தார்கள்.

“அம்புட்டு மோசமாவா சாமி இருக்கு?” என்றார் ஒச்சப்பன்.

“சரக்கைச் சொல்லலை. என் மூக்கைச் சொல்றேன். மோந்தா ஒண்ணுமே வரலை.”

ஒச்சப்பன் அவரைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். “இப்படிச் சபையில வெச்சு எகத்தாளம் பண்ணாதீக சாமி. எம்மேல தப்புதான். போன வருசத்துச் சரக்கு ரெண்டு மூடை சேந்துபோச்சு. தொடாமலே கண்டுபிடிச்சிட்டீகளே. அதைத் தனியா எடுத்து வெச்சிர்றேன். வெளியில மட்டும் சொல்லிராதீக.”

அன்று சாயங்காலத்துக்குள், மூக்குசாமி பொட்டலத்தைத் தொடாமலே கலப்படத்தைக் கண்டுபிடித்த கதை பஜார் முழுக்கப் பரவிவிட்டது. ராமபத்ரன் அதற்குப் பிறகும் இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். ஒருவர் அடக்கம் என்றார். இன்னொருவர் தன் கடையில் இருந்த ஜாதிக்காயை அன்றைக்கே மாற்றினார். அதோடு விட்டுவிட்டார்.

தசரா லீவுக்கு அஞ்சனாவும் மாப்பிள்ளை வெங்கிடேஷும் குழந்தைகளோடு வந்தார்கள். மாடி அறையைப் பார்த்துக் குழந்தைகள் கூத்தாடின. வெங்கிடேஷ் நல்ல உயரம். பழைய துளைகளை மறைப்பதற்காக இசக்கிதுரை ஒரு குறுக்கு உத்தரத்தைச் சற்றுத் தாழ்த்திப் போட்டிருந்தார். மாப்பிள்ளையின் நெற்றி தினமும் அதில் போய் மோதியது. கமலாக்ஷி அந்த இடத்தில் ஒரு தலையணையைக் கட்டித் தொங்கவிட்டாள். கட்டிய மறுநாள் அவர் தலையணையைத் தவிர்க்கக் குனிந்து கதவு நிலையில் இடித்துக்கொண்டார். ஆனாலும் ஊருக்குக் கிளம்பும்போது, கிறிஸ்துமஸ் லீவுக்கும் இங்கேதான் என்று அவரே சொன்னார்.

அவர்கள் போன பிறகு ராமபத்ரனும் கமலாக்ஷியும் படுக்கையை மாடிக்கே மாற்றிக்கொண்டார்கள். அங்கே காற்று நன்றாக வருகிறது. மாலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர், “இப்போ என்ன வருது?” என்று கேட்பார். அவள் மூக்கை உயர்த்தி, “முஹம்மது ஆத்துல வெங்காயம் வதக்கறா. படகோட டீசல் புகை. வைப்பீன் பக்கம் மழை பெய்யறது, ஈர மண் வாசனை வருது” என்று சொல்லிக்கொண்டே போவாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அதில் பாதி தான் கட்டிவிடுவது என்று கமலாக்ஷி ஜுமைலாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ராமபத்ரனுக்கும் அது தெரியும். ஆனாலும் மறுநாளும் கேட்பார்.